கரைவாகுப்பற்றிலிருந்து மாநகர சபைவரை: கல்முனைக் கரையில் உள்ளூராட்சியின் அமைப்பும் அடித்தளமும்

திருக்கோவிலுக்குத் தெற்கே கடலோரமாக அமைந்துள்ள வினாயகபுரத்திலிருந்து வடக்கே கல்முனைவரை செல்லும் ஒருவர் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தைக் கடக்க வேண்டியுள்ளது. இச்சிறு தூரத்துள், வீதியோரத்திலும் அதன் அயலிலுமாகத் திருக்கோவில், ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு என ஆறு பிரதேச சபைகளும், அக்கரைப்பற்று, கல்முனை என இரு மாநகர சபைகளும் உள்ளன. ஒரே மொழியைப் பேசும் மக்கள்; கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே மணல்மேடு என்ற ஒரே நிலவமைப்பு; நெல்லையும் மீனையும் வியாபாரத்தையும் சார்ந்த ஒரே பொருளாதாரம். எனினும் எட்டு நிருவாகங்கள், எட்டு வரவு-செலவுத் திட்டங்கள், தவிசாளருக்கும் மேயருக்குமாக எட்டு ஆசனங்கள். இவை போதா, இன்னும் வேண்டும் என்ற கோரிக்கைகளும் ஓய்ந்தபாடில்லை.

இந்நிலைமைக்கு வழமையாகக் கூறப்படும் விளக்கம் இனவேறுபாடாகும். தமிழரும் முஸ்லிம்களும் மாறிமாறி வாழும் ஊர்த்தொடரில் ஒவ்வோர் ஊரும் தனக்கென ஒரு சபையை நாடுவது இயல்பே என்பர். இவ்விளக்கம் பொய்யன்று, ஆயினும் போதுமானதன்று. கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் முஸ்லிம் ஊர்களே. அவற்றுக்கிடையே ஓர் ஒழுங்கையின் அகலமே எல்லையாகும். எனினும் அண்மைக்காலத்தில் இக்கரையில் நிகழ்ந்த மிகக் கடுமையான சபைப் போராட்டங்களுள் ஒன்று அவ்விரு ஊர்களுக்கிடையில் எழுந்ததேயாகும். ஆகவே எல்லை பற்றிய இவ்வேட்கையின் அடித்தளத்தை வேறிடத்திலே தேடுதல் வேண்டும். உள்ளூராட்சி மன்றம் எதன்மீது அதிகாரம் செலுத்துகின்றது, எதன்மீது செலுத்தவில்லை என்ற வினாவிலிருந்து அத்தேடலைத் தொடங்கலாம்.

முதலிலே பழைய அமைப்பினைச் சற்று நோக்குவோம். மட்டக்களப்புப் பிரதேசத்தின் சமூக அமைப்பு பெண்வழிக் குடிமுறையை ஆதாரமாகக் கொண்டது. தாயின் குடியே பிள்ளையின் குடி. தமிழரிடையே கோயில் நிருவாகத்தில் குடிகளின் சார்பாக வண்ணக்கர்மார் அமர்வர். முஸ்லிம்களிடையே பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிகளின் சார்பாக மரைக்கார்மார் அமர்வர். சமயம் வேறாயினும் பிரதிநிதித்துவத்தின் இலக்கணம் ஒன்றே. இன்றைய இனமுரண்பாட்டினைத் தொன்மையானதெனக் காட்ட முனைவோர் இவ்வொற்றுமையைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. வயலிலே வட்டை விதானை நீரைப் பங்கிட்டான். போடியார் நிலத்தையும் விதைநெல்லையும் கடனையும் கையில் வைத்திருந்தார். முல்லைக்காரனும் வயற்காரனும் அவரது வாசலிலே காத்திருந்தனர். வண்ணக்கரும் மரைக்காரும் யாவர் எனத் தேடின், அவர்களுட் பலர் போடியார் குடும்பத்தினராகவோ அவர்களோடு கொண்டு-கொடுத்தவர்களாகவோ இருப்பதைக் காணலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. பழைய கிராம ஆட்சியைப் பொற்காலமாகப் போற்றும் போக்கு நம்மிடையே பலகாலம் நிலவி வந்துள்ளது. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் (கி.பி. 919, 921) காட்டி, குடவோலை முறையால் மக்களாட்சி நடாத்திய தமிழர் எனப் பெருமை பேசாத பட்டிமன்றமில்லை. ஆனால், அக்கல்வெட்டுகளே கூறும் தகைமைகள் யாவை? கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும்; சொந்த மனையிலே வீடு வேண்டும்; வேதப் பயிற்சி வேண்டும். பிரமதேய நிலவுடைமையாளர் தம்முள் ஏரியையும் தோட்டத்தையும் வாரியங்களாக வகுத்து நிருவகித்த ஏற்பாடு அது. நிலத்தை உழுதவனின் பெயர் குடத்துள் இடப்படவில்லை. நிலவுடைமையே அவையேறும் உரிமை என்ற இக்கோட்பாடு, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் பிரித்தானியர் ஆக்கிய சட்டங்களிலும் வேறு மொழியில் நின்று பேசுவதைக் காண்கிறோம்.

பிரித்தானியர் இலங்கையில் உள்ளூராட்சியை இரு வேறு தேவைகளின் பொருட்டு உருவாக்கினர். ஒன்று நீர், மற்றொன்று நோய். பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் நிழலிலே நெல் விளைச்சல் சீர்குலைந்தமையும், குளங்களும் வாய்க்கால்களும் தூர்ந்தமையும் அரசின் வரிவருமானத்தைப் பாதித்தபோது, 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டத்தின் மூலம் வயலுடையோர் கூடி விதி செய்யும் பழைய வழக்கத்துக்குச் சட்ட வடிவம் அளிக்கப்பட்டது. 1871 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கக் கிராமச் சமுதாயங்கள் சட்டம் அதனை விரிவாக்கியது. வேலி, கால்நடை, நீர், மீன்பிடி ஆகியன குறித்து விதிகள் ஆக்கவும், சிறு வழக்குகளைத் தீர்க்கவும் கிராமக் குழுக்களும் கிராம நியாயசபைகளும் அமைந்தன. அரசாங்க அதிபரின் மேற்பார்வையும், மட்டக்களப்பிலே பற்றுகளின் தலைவராக விளங்கிய வன்னியனாரின் செல்வாக்கும் இவற்றின்மேற் கவிந்திருந்தன.

அதே 1871 ஆம் ஆண்டின் இளவேனிலிலேயே பாரிஸ் நகரத் தொழிலாளர் கொம்யூனை நிறுவினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. வட்டாரந்தோறும் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர், வாக்காளரால் திருப்பியழைக்கப்படக்கூடியவர், தொழிலாளியின் கூலியளவேயான ஊதியம், சட்டமியற்றலும் நிறைவேற்றலும் ஒரே அவையில். 'பிரான்சில் உள்நாட்டுப் போர்' என்ற நூலில் மார்க்ஸ் இவ்வமைப்பினைத் தொழிலாள வர்க்க அரசின் கண்டறியப்பட்ட வடிவமாகக் கொண்டார். அங்கு ஒரு நகரசபை அரசு இயந்திரத்தையே தகர்க்க முற்பட்டது. இங்கு அரசு இயந்திரம் தன் செலவைக் குறைக்கவும் தன் கை எட்டாத இடத்தை எட்டவும் ஒரு கிராமசபையை ஆக்கிக்கொண்டது. இரண்டையும் 'உள்ளூராட்சி' என ஒரே சொல்லால் அழைப்பது மயக்கத்துக்கே வழிவகுக்கும்.

நோயின் பொருட்டு எழுந்த கிளை வேறு. 1865 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தினால் கொழும்பு முதலிய பெருநகரங்களுக்கு மாநகர சபைகளும், 1876 இல் இடைநிலை நகரங்களுக்கு உள்ளூர்ச் சபைகளும், 1892 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தினால் சிறுநகரங்களுக்குச் சுகாதாரச் சபைகளும் வந்தன. வாந்திபேதியும் அம்மையும் துறைமுகத்தையும் தோட்டத்தையும் தாக்காதிருக்கச் சந்தை கழுவப்பட வேண்டும், கால்வாய் வெட்டப்பட வேண்டும். இச்செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? வீட்டிலிருந்தும் கடையிலிருந்தும். சோலைவரி எனவும் மதிப்பீட்டு வரி எனவும் நாம் வழங்குவது இதுவே.

1892 ஆம் ஆண்டு இன்னொரு காரணத்தாலும் முக்கியமானது. அவ்வாண்டிலேதான் நெல்வரியை நீக்குவதற்கான முடிவு செய்யப்பட்டது. நெல்வரி ஏழை உழவனை நிலமிழக்கச் செய்த கொடிய வரி என்பதில் ஐயமில்லை. அதன் நீக்கம் வரவேற்கத்தக்கதே. ஆனால், கிழக்கிலங்கை போன்ற பெருநிலவுடைமைப் பிரதேசத்தில் அதன் விளைவு இருமுகங்கொண்டது. சிறு உழவனோடு போடியாரும் அச்சுமையிலிருந்து விடுபட்டார். வயல் வரிக்கண்ணிலிருந்து விலக, வீடும் கடையும் அதன் எதிரே வந்து நின்றன. சமூகத்தின் உபரி வயலிலே பிறந்தது; நகர நிருவாகமோ வீட்டையும் கடையையும் பிடித்துக்கொண்டு நின்றது. இப்பிளவே இக்கரையின் உள்ளூராட்சி வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கான திறவுகோல் என்பது எமது கருத்து.

1920 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டமும் 1924 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் தெரிவுமுறையை விரிவாக்கின. ஆயினும் கிராமக் குழுவின் தலைமை, பதவி வழியாக, பற்றுத் தலைவரிடமே இருந்தது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா உள்ளூர் நிருவாக அமைச்சராயிருந்தபோது நிறைவேறிய 1938 ஆம் ஆண்டின் 60 ஆம் இலக்கச் சட்டமே அவ்வுரிமையை நீக்கிற்று. பெண்களுக்கும் கிராமசபை வாக்குரிமை வந்தது. 1939 இல் நகரசபைகளுக்கும், 1946 இல் பட்டினசபைகளுக்கும், 1947 இல் மாநகர சபைகளுக்கும் தனித்தனிச் சட்டங்கள் ஆக்கப்பட்டன. வன்னியனார் பதவியும் 1946 இல் மறைந்து, அவ்விடத்துக்குப் பிரிவுக் காரியாதிகாரி வந்தார்.

பெண்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கல்முனைக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கப்படும். கணவன் அவ்வீட்டுக்கு வந்து சேர்வான். இது தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழமை. ஆகவே சட்டப்படி நோக்கின், இக்கரையின் சபைகளுக்குச் சோலைவரி செலுத்தும் உடைமையாளருட் பெருந்தொகையினர் பெண்களாவர். ஓர் ஊரிலே, தாயின் பெயரிலுள்ள சீதன வீட்டுக்குத் தகப்பனின் பெயரிலே வரிப் பற்றுச்சீட்டு எழுதப்பட்டிருந்ததை நான் கண்டிருக்கின்றேன். 'வீட்டுக்காரர் யார்' என வினவிய அலுவலருக்கு ஆணின் பெயரே விடையாகக் கிடைத்திருக்கும். உடைமையே உரிமை என்று நூறாண்டுகளாகக் கூறிவந்த ஒரு முறைமை, உடைமை பெண்ணிடமிருந்தவிடத்து அவ்விதியைத் தானே மறந்துபோயிற்று. நூற்றுக்கு இருபத்தைந்து பெண் உறுப்பினர் என்ற சட்ட ஏற்பாட்டுடன் 2018 பெப்ரவரித் தேர்தல் நடந்தபோதே இக்கரையின் சபைகளிற் பெண்கள் ஓரளவேனும் அமர்ந்தனர்.

1931 ஆம் ஆண்டினை இவ்வரலாற்றில் ஒரு சந்தியெனக் கொள்ளலாம். அவ்வாண்டிலே டொனமூர் யாப்பின்கீழ் இலங்கை மக்கள் சர்வசன வாக்குரிமையுடன் சட்டசபையைத் தெரிவுசெய்தனர். அச்சட்டசபையின் நிருவாகக் குழுமுறை இலண்டன் கவுண்டி சபையின் குழுமுறையை ஒத்திருந்தது. தேசியச் சட்டமன்றம் ஒரு நகரசபையைப் போல நடாத்தப்பட்ட அவ்வேளையில், உள்ளூர் மன்றங்களிலோ சொத்தும் வருமானமுமே வாக்காளனைத் தீர்மானித்தன. முரண்நகை எனலாம். அதே ஆண்டு ஏப்ரல் 12 ஆம் நாள் ஸ்பெயின் நாட்டிலே நகரசபைத் தேர்தல்கள் நடைபெற்றன. மாகாணத் தலைநகரங்களுட் பெரும்பாலானவற்றிலே குடியரசுவாதிகளும் சோசலிஸ்டுகளும் வென்றனர். இரு நாட்களில் மன்னன் பதின்மூன்றாம் அல்போன்சோ நாட்டைவிட்டு நீங்கினான்; குடியரசு பிரகடனமாயிற்று. நகரசபைத் தேர்தல் ஒன்று முடியாட்சியை வீழ்த்திய இந்நிகழ்ச்சி உலக வரலாற்றில் அரிதானதாகும். பின்னர் பிராங்கோவின் சர்வாதிகாரம் அச்சபைகளை நியமனச் சபைகளாக்கியது. 1979 ஏப்ரலில் மீண்டும் மக்கள் வாக்களித்தனர்.

இன்றைய ஸ்பானிய நகரமொன்றின் நிருவாகம் 1985 ஆம் ஆண்டின் உள்ளூராட்சி அடிப்படைச் சட்டத்தைத் தழுவியது. மக்கள் கட்சிப் பட்டியல்களுக்கு வாக்களிப்பர். நூற்றுக்கு ஐந்துக்குக் குறைவாக வாக்குப் பெற்ற பட்டியலுக்கு இடமில்லை. தெரிவான உறுப்பினர் கூடிய 'பிளேனோ' எனும் முழுச்சபை வரவு-செலவுத் திட்டத்தை நிறைவேற்றும், நிருவாகத்தைக் கண்காணிக்கும், மேயரைத் தெரிவுசெய்யும், பெரும்பான்மை இருப்பின் அவரை மாற்றும். மேயர் தாம் தேர்ந்த சில உறுப்பினரைக் கொண்ட ஆட்சிக்குழுவுடன் அன்றாட நிருவாகத்தை நடத்துவார். நகரசபையின் தன்னாட்சியை 1978 ஆம் ஆண்டு அரசியல் யாப்பின் 140 ஆம் உறுப்புரை நேரடியாகவே உத்தரவாதம் செய்கின்றது. முதலாளித்துவ நாடொன்றின் சபையே அது. அதனைக் கொம்யூன் எனக் கருதிவிடலாகாது. எனினும் அதன் இருப்பு ஓர் அமைச்சரின் கையெழுத்திலே தங்கியிருக்கவில்லை.

சொல்லாராய்ச்சியில் விருப்புடையோருக்கு ஒரு செய்தி. ஸ்பானியர் தம் மேயரை 'அல்கால்தே' என அழைப்பர். அது 'அல்-காழி' என்ற அரபுச் சொல்லின் திரிபாகும். நியாயம் தீர்ப்பவனே நகரத் தலைவனுமாயிருந்த காலத்தின் எச்சம் அது. அதே மூலச்சொல் கல்முனையிலே காதியாராக, விவாக-விவாகரத்து வழக்குகளை விசாரிப்பவராக, வேறு வாழ்வு வாழ்கின்றது. 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இலங்கைக் கிராமத்திலும் நியாயசபையும் நிருவாகக் குழுவும் அருகருகே நின்றமை நினைவுகூரத்தக்கது.

இனிக் கல்முனையை நோக்குவோம். பழைய கரைவாகுப்பற்றின் பகுதிகளான இவ்வூர்கள் நான்கு சபைகளாகப் பிரிந்திருந்தன. கடைத்தெருவை நடுவாகக் கொண்ட கல்முனைப் பட்டினசபை. மருதமுனை, பெரியநீலாவணை, பாண்டிருப்பு ஆகியவற்றை உள்ளடக்கிய கரைவாகு வடக்குக் கிராமசபை. நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு முதலியவற்றைக் கொண்ட கரைவாகு மேற்குக் கிராமசபை. சாய்ந்தமருதைக் கொண்ட கரைவாகு தெற்குக் கிராமசபை. மருதமுனையில் நெசவு, சாய்ந்தமருதில் வியாபாரமும் வயலும் மீனும், பட்டினத்தில் கடையும் கச்சேரியும் என ஒவ்வொன்றும் தனக்கெனத் தொழிற்சாயலைக் கொண்டிருந்தது. 1942 இல் போர்க்கால உணவு உற்பத்தியின் பொருட்டுக் கல்முனையில் அவசரகாலக் கச்சேரி திறக்கப்பட்டு, ஏ. எம். ஏ. அஸீஸ் உதவி அரசாங்க அதிபராக வந்தபோது, பட்டினத்தின் நிருவாக முக்கியத்துவம் மேலும் உயர்ந்தது. கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கமும் அவ்வாண்டிலேயே தோன்றியது. அரசாங்க உத்தியோகத்தை நாடும் ஒரு மத்தியதர வர்க்கம் இங்கு உருப்பெறலாயிற்று. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், 1961 இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டமையும் நிலவுறவுகளையும் நிருவாக மையத்தையும் ஒருசேர மாற்றின. கரையோரத்தவன் தன் மாவட்டக் கச்சேரிக்கு உள்நாட்டுக்குப் பயணிக்க வேண்டியவனானான்.

இக்காலத்தே உற்பத்தியாளரின் உள்ளூராட்சி எனக் கொள்ளத்தக்க ஒரு முயற்சியும் நிகழ்ந்தது. பிலிப் குணவர்த்தனா கொணர்ந்த 1958 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரனின் உரிமையைப் பாதுகாக்க முனைந்ததோடு, உழவர் தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களையும் நிறுவியது. கிராமசபை வீதியையும் விளக்கையும் பார்க்க, பயிர்ச்செய்கைக் குழு நீரையும் நிலத்தையும் பார்க்கும் என்ற அவ்வேற்பாட்டில் ஒரு விதை இருந்தது. நிலவுடைமையாளரின் எதிர்ப்பினாலும் அவ்வரசின் உட்பூசலினாலும் சட்டம் ஊனமுற்றே பிறந்தது. 1973 ஆம் ஆண்டின் விவசாயக் காணிகள் சட்டத்தின்கீழ் அக்குழுக்கள் நியமனக் குழுக்களாயின. அந்நியமனங்களைச் செய்தது ஓர் ஐக்கிய முன்னணி அரசாங்கமே என்பதை இடதுசாரிகளாகிய நாம் மறைக்க வேண்டியதில்லை.

இலக்கியத்திலும் இதன் சுவடு தெரிகின்றது. பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணன் 'வேளாண்மை' என்றே ஒரு காவியம் புனைந்தார். கல்முனைப் பிரதேசக் கவிதையிலும் சிறுகதையிலும் போடியார் வருவார், வயற்காரன் வருவான், பள்ளிவாசலும் கோயிலும் வரும். கிராமசபைத் தலைவர் அரிதாகவே வருவார். வந்தாலும் நகைப்புக்குரியவராகவே வருவார். அதிகாரம் எங்கே இருந்தது என்பதை எழுத்தாளர் நன்கு அறிந்திருந்தனர்.

நான்கு சபைகளும் மக்களால் ஒழிக்கப்படவில்லை. 1980 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அபிவிருத்திச் சபைகள் சட்டம், நாடெங்குமிருந்த 83 பட்டினசபைகளையும் 549 கிராமசபைகளையும் 1981 இல் ஒரேயடியாக இல்லாமற்செய்தது. அவற்றின் இடத்தில் மாவட்டத்துக்கு ஒரு சபை வந்தது. கிராமத்திலே வாக்கெடுப்பின்றிச் சங்கத் தலைவர்களைக் கொண்ட கிராமோதய மண்டலயங்கள் அமைந்தன. திறந்த பொருளாதாரத்தை நாடிய ஓர் அரசு, தேர்தலால் அமைந்த அறுநூற்றுக்கு மேற்பட்ட அவைகளை மூடியதற்கு நாடு தழுவிய எதிர்ப்பு எழாமை, அச்சபைகள் மக்களிடம் எவ்வளவு வேரூன்றியிருந்தன என்பதற்கும் ஒரு சான்றாகும். பின்னர் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பிரதேச சபைகள் பிறந்தபோது, பழைய நான்கு சபைகளின் பகுதிகளும் கல்முனைப் பிரதேச சபை என்ற ஒன்றினுள் இணைக்கப்பட்டன. அது நகரசபையாகி, 2001 இல் மாநகர சபையாயிற்று. எந்தக் கட்டத்திலும் நான்கு ஊரவரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை.

1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தின்படி மாநகர சபையின் நிறைவேற்றுத் தலைவர் மேயராவார். பிரதி மேயர், நிதிக்குழு முதலிய நிலையியற் குழுக்கள், பொதுச்சபை ஆகியன ஒருபுறம். மாநகர ஆணையாளர், கணக்காளர், பொறியியலாளர் முதலிய உத்தியோகத்தர் மறுபுறம். 2018 முதல் உறுப்பினருள் நூற்றுக்கு அறுபதின்மர் வட்டாரங்களிலிருந்தும் எஞ்சியோர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருவர். ஏட்டளவில் ஸ்பானிய நகரசபையிலிருந்து இது பெரிதும் வேறுபட்டதன்று. வேறுபாடு அதிகாரத்தின் எல்லையிலும் பணத்தின் ஊற்றிலும் உள்ளது. சோலைவரி, வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் கடை வாடகை ஆகியனவே சபை தானே திரட்டும் வருமானம். காணிக் கைமாற்ற முத்திரைத் தீர்வையும் நீதிமன்றக் குற்றப்பணமும் மாகாண சபையூடாக வரும். நிரந்தர ஊழியரின் சம்பளமும் மேலிருந்தே வரும். எத்தனை பேரை நியமிக்கலாம் என்பதையும் மேலிருப்போரே தீர்மானிப்பர். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் உள்ளூராட்சியை மாகாண விடயமாக்கியபோதும், சபைகளின் வடிவத்தையும் அமைப்பையும் தீர்மானிக்கும் உரிமையை மத்தி தன்னிடமே வைத்துக்கொண்டது.

நிலத்தைப் பொறுத்தவரையில் நிலைமை மேலும் தெளிவானது. 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச செயலாளர் பலம் பெற்றார். காணி, பதிவு, நிவாரணம், நலன்புரி யாவும் நியமனம் பெற்ற அவரிடம். வடிகால், தெருவிளக்கு, சந்தை, குப்பை ஆகியன தெரிவுபெற்ற சபையிடம். ஒரே மண்ணில் இரு நிருவாகங்கள். கனதியானது நியமனத்தாரிடமும், மணப்பது தெரிவானோரிடமும் சென்றன என்று ஒரு நண்பர் வேடிக்கையாகக் கூறுவார்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இதனை அம்பலமாக்கிற்று. இலங்கையிலே மிகக் கூடிய உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறை மாவட்டமாகும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகியவற்றின் கடலோரக் குடியிருப்புகள் அழிந்தன. கடலோரத்தில் வாழ்ந்தோர் மீனவரும் கூலித் தொழிலாளருமே என்பதைக் கூறவேண்டியதில்லை. கிழக்கிலே 200 மீற்றர் தூரத்துக்குக் கட்டடம் எழுப்பலாகாதென அரசு முதலில் விதித்தது. மணல்மேடு முழுவதும் வீடு நெருங்கிய ஒரு நகரத்திலே இவர்கள் எங்கு செல்வது? மேற்கே செல்வதாயின் வயல். வயலை நிரப்புவதற்குக் கமநலச் சட்டத்தின்கீழ் மத்திய அரசின் அதிகாரியிடம் அனுமதி வேண்டும். 25 சதுர கிலோமீற்றரையும் எட்டாத பரப்பினுள் ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்களைக் கொண்ட சபையிடம் வழங்குவதற்கு நிலமில்லை, பெறுவதற்கு அதிகாரமுமில்லை. நகரத்தாருட் பலரின் வயல்கள் சபையின் எல்லைக்கு வெளியே, சம்மாந்துறை முதலிய பிரதேசங்களில் உள்ளன.

குப்பையின் கதையும் இதுவே. கரையோர ஊர்களின் கழிவைக் கொட்டுவதற்கு 2008 இல் ஐரோப்பிய உதவியுடன் பள்ளக்காட்டிலே ஓர் இடம் அமைக்கப்பட்டது. அங்கு எட்டாண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் பிளாஸ்ரிக் தின்று மாண்டதாக 2022 இல் உலகச் செய்தியாயிற்று. யானைக்காக உலகம் இரங்கியது. அக்கழிவை நாள்தோறும் கையால் அள்ளும் தொழிலாளரைப் பற்றி அச்செய்திகள் அதிகம் பேசவில்லை.

இவ்வாறு நிலமும் நீரும் நிதியும் கைக்கு எட்டாதிருக்க, சபையின் அரசியல் எதனைப் பற்றிக்கொள்ளும்? எல்லையை. யாருடைய வட்டாரம் எத்தனை, மேயர் எந்த ஊரவர், சந்தைக் கடை யாருக்கு, ஒப்பந்தம் யாருக்கு, சிற்றூழியர் நியமனம் யாருக்கு என்பனவே வினாக்களாகின்றன. வயலின் உபரி வியாபாரமாகவும் ஒப்பந்த மூலதனமாகவும் மாறிய காலத்திலே, ஒவ்வோர் ஊரிலும் தோன்றிய புதிய செல்வாக்குக் குழுவினருக்குத் தனிச்சபை என்பது அவசியமான ஏணியாகின்றது. அவர்கள் தம் தேவையை ஊரின் மானமாகவும் சமூகத்தின் இருப்பாகவும் மொழிபெயர்க்கின்றனர். அம்மொழிபெயர்ப்பு வெற்றுப் புனைவன்று என்பதையும் ஏற்றல் வேண்டும். போர்க்காலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரால் ஒருவர் பட்ட காயங்கள் உண்மையானவை; தொலைவிலுள்ள சபை தம் ஒழுங்கையைக் கவனிப்பதில்லை என்ற சாதாரண மக்களின் முறைப்பாடும் உண்மையானது. உண்மையான குறையின்மீதே பிறிதொருவரின் நலன் ஏறி அமர்கின்றது.

1989 இல் கல்முனை வடக்கிலே தமிழருக்கென உப பிரதேச செயலகம் ஒன்று இயங்கத் தொடங்கியது. அதனை முழுமையாகத் தரமுயர்த்துமாறு 2019 ஜூனிலே உண்ணாவிரதம் நடந்தது. எதிர்ப்புப் போராட்டமும் அருகிலேயே நடந்தது. 2018 தேர்தலிலே சாய்ந்தமருதில் தனிச்சபைக் கோரிக்கையுடன், பள்ளிவாசலின் ஆதரவு பெற்ற சுயேச்சைக் குழு ஒன்று பெருங்கட்சிகளைத் தோற்கடித்து மாநகர சபைக்குள் நுழைந்தது. குடிகளின் மரைக்கார்மார் அமர்ந்த அவை, இருபத்தோராம் நூற்றாண்டிலே வேட்பாளரைத் தீர்மானிக்கும் வலிமையுடன் மீண்டமை ஆராய்ச்சிக்குரியது. 2020 பெப்ரவரியிலே சாய்ந்தமருதுக்கு நகரசபை ஒன்றை நிறுவும் வர்த்தமானி வெளியாயிற்று. பட்டாசு வெடித்தது. சில நாட்களுள் அமைச்சரவை அதனை இடைநிறுத்தியது. ஒரு கையெழுத்தினால் பிறந்து மறு கையெழுத்தினால் நின்றுபோன அச்சபை, இந்நாட்டில் உள்ளூராட்சி யாருடைய தயவில் வாழ்கின்றது என்பதை எந்த நூலையும்விடத் தெளிவாக உரைத்தது. 2011 இல் அக்கரைப்பற்று மாநகர சபையானபோது, அவ்வூரைச் சேர்ந்தவரே துறைக்குரிய அமைச்சராயிருந்தார் என்பதையும் இதனோடு சேர்த்து நோக்கலாம்.

இப்போராட்டங்கள் எவற்றிலும் மருதமுனை நெசவாளியின் நூல் விலையோ, கடலோரத் தொழிலாளியின் காணியுறுதியோ, நகர சுத்திகரிப்புத் தொழிலாளியின் நிரந்தர நியமனமோ முதன்மைக் கோரிக்கையாக எழவில்லை. பாண்டிருப்பு மீனவனும் கல்முனைக்குடி மீனவனும் ஒரே கடலில் ஒரே விலைக்கு மீனை விற்கின்றனர். சபை எல்லை பற்றிய ஊர்வலத்தில் மட்டும் எதிரெதிரே நிற்கின்றனர். நிலமும் நீரும் பற்றிய அதிகாரம் சபைக்கு வேண்டும், சம்மாந்துறை வயலுக்கும் கல்முனை நகரத்துக்கும் பொதுவான திட்டமிடல் வேண்டும், உறுப்பினரைத் திருப்பியழைக்கும் உரிமை வேண்டும் எனக் கேட்ட ஊர்வலம் எதனையும் இக்கரை இன்னும் கண்டதில்லை.

உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச் 19 உடன் முடிவுற்றது. அம்மாதம் நடைபெறவிருந்த தேர்தல் பணமில்லை எனக் கூறி ஒத்திவைக்கப்பட்டது. 2025 மே 6 ஆம் நாள் நாடெங்கும் வாக்களிப்பு நடந்தபோது, திருக்கோவில் பிரதேச சபைக்கு வினாயகபுரத்தவர் வாக்களித்தனர்; காரைதீவிலும் நிந்தவூரிலும் வாக்களித்தனர். எல்லை பற்றிய வழக்கு நீதிமன்றத்தில் நின்றமையால் கல்முனை மாநகர சபைக்கு அன்று தேர்தல் நடைபெறவில்லை.